நீலம் வராத தண்ணீர்

எனக்கு மரம் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கண்ணைக் கட்டிவிட்டு நாக்கில் ஒரு சீவலை வைத்தால் இன்ன மரம் என்று சொல்லிவிடுவேன் என்று பந்தயம் கட்டி, செந்தூல் ரயில் பட்டறையில் இரண்டு தடவை ஜெயித்தும் இருக்கிறேன். அந்தத் திமிர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் பவுனம்மாள் இன்னும் சில வருஷம் இருந்திருப்பாள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

பந்தயத்தில் ஜெயித்த கதையையும் சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்டவனும் நம் ஊர் ஆள், பதில் சொன்னவனும் நம் ஊர் ஆள். மலாய்க்காரன் வேறு பேர் சொல்லும் மரத்துக்கெல்லாம் நாங்கள் எங்கள் ஊர்ப் பேரை வைத்திருந்தோம். இது மருது, இது வாகை, இது கடம்பு. கொஞ்சம் நிறம் ஒத்துப்போனால் போதும். ரயில் பெட்டிக்குச் சட்டம் போடுவதற்குப் பேர் எதுவானால் என்ன? மரம் தாங்கியது, பெட்டி ஓடியது. ஒன்பது வருஷம் இப்படியே போனதில், பேர் சரியாக இருப்பதால்தான் பெட்டி ஓடுகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

பவுனம்மாள் என் மனைவி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கு ஓர் அறை, பின்னால் ஒரு சமையல் சாய்ப்பு. பிள்ளை இல்லை. அவளுக்கு முப்பத்தாறு வயதில் தாகம் வந்தது. சாதாரணத் தாகம் இல்லை. காலையில் நிரப்பிய குடம் மத்தியானத்துக்குள் காலியாகும். உடம்பு வற்றி, ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. பின்பக்கச் சாக்கடை ஓரத்தில், அவள் ஒன்றுக்குப் போய் வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அவளேதான் முதலில் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு" என்றாள். அழவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்துபோடும் டிரஸ்ஸராக இருந்த ரபேல் எங்கள் லயத்து ஆட்களுக்கெல்லாம் பழக்கமானவர். கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவார். அவர் அவளுடைய மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"சர்க்கரைதான் கன்னையா. இதுக்கு மருந்துன்னு ஒண்ணு எங்ககிட்ட இல்ல. சீமையிலயும் இல்ல. சோறு, வெல்லம், கிழங்கு, பழம் எல்லாத்தையும் நிறுத்தணும். கீரை, முட்டை, மீன், அதுவும் கொஞ்சமா. கால்ல ஒரு கீறல் விழாம பார்த்துக்கணும். கட்டுப்பாடா இருந்தா சில வருஷம் ஓட்டலாம்."

இரண்டு மாதம் கட்டுப்பாடாகத்தான் இருந்தாள். சோறு வடிக்கும்போது அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். வெந்த கீரையை மாடு மாதிரி மென்றுகொண்டு என் தட்டைப் பார்க்காமல் இருக்கப் பார்ப்பாள். பார்த்துவிடுவாள். எனக்குச் சோறு இறங்காது. கோபம் வரும், யார் மேல் என்று தெரியாமல் பாத்திரத்தை நகர்த்திவிட்டு எழுந்து போவேன்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "எங்கப்பா வேங்கை மரத்துக் குவளையில ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு, விடிஞ்சதும் வெறும் வயித்துல குடிப்பாரு. பன்னெண்டு வருஷம் இருந்தாரு. சோறும் தின்னாரு. நீங்க ஆசாரிதானே. எனக்கு ஒண்ணு கடைஞ்சு குடுங்களேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் மரச்சாமான் அது. துரைமார் வீட்டுக்கு அலமாரி செய்தேன், கங்காணி வீட்டுக்குக் கட்டில் செய்தேன். என் வீட்டில் அவள் படுத்தது பழைய பெட்டிப் பலகை மேல்தான். அதனால் சரி என்று சொல்வதற்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்றும் சொன்னாள். விடியும்போது தேயிலைச் சாயம் மாதிரி ஆகியிருக்கும். வெயிலில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மயில் கழுத்து நீலம் ஒன்று தெரியும். "அந்த நீலம் தெரிஞ்சாத்தான் வேங்கை. எங்கப்பா தினமும் வாசல்ல நின்னு பார்த்துட்டுத்தான் குடிப்பாரு" என்றாள்.

பட்டறையில் வேங்கை இல்லை. ரவாங் பக்கம் இருந்த ஒரு மரவாடியில் விசாரித்தேன், அங்கும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். ஆற்றோரத்தில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் மரவாடி. தெப்பம் கட்டிக் கொண்டுவந்த கட்டைகள் சேற்றில் கிடந்தன. அறுத்து ஒதுக்கிய துண்டுகளுக்குள் ஒரு முழ நீளத்தில் செந்தவிட்டு நிறத்தில் ஒன்று. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், நிறம் இன்னும் சிவந்தது. உளியால் ஒரு சீவல் எடுத்து மென்றேன். துவர்த்தது. வேங்கை துவர்க்கும். துவர்க்கிற மரம் நூறு இருக்கும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் சரி.

"வேங்கை" என்றேன்.

அங்கே கூலிகளை மேய்த்துக்கொண்டு நின்ற மலாய் மண்டோர் தலையை ஆட்டி வேறு ஒரு பேரைச் சொன்னான். நான் திரும்பவும் வேங்கை என்றேன். அவன் கையை அசைத்து, அதே பேரை நிறுத்தி நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். மரத்தைப் பற்றி எனக்கு இவன் சொல்லிக்கொடுப்பதா என்று சுருக்கென்றது. அந்தப் பேரைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். இன்றுவரை அந்தப் பேர் எனக்குத் தெரியாது.

பட்டறையில் துரை சாப்பாட்டுக்குப் போன நேரமாகப் பார்த்து, நாலு நாளில் குவளையைக் கடைந்து முடித்தேன். கைக்கு அடக்கமாக, உதடு படும் இடம் மெல்லியதாக, அடியில் ஒரு சின்ன வளையம் வைத்து. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதல்நாள் விடிந்ததும் தண்ணீர் சாயம் இறங்கியிருந்தது. பவுனம்மாள் அதை ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வாசலுக்கு எடுத்துப் போனாள். வெயிலில் பிடித்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். முந்தானையைத் தம்ளருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"நீலம் காணோமே" என்றாள்.

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நீலம் இல்லை.  ஆனால் வாயில் பதில் தயாராக இருந்தது.

"இந்த ஊர்த் தண்ணி வேற. மேல எல்லாம் ஈயம் தோண்டுறான். நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணியிலதான் அந்த நீலம் தெரியும். மரம் வேங்கைதான்."

நம்பித்தான் சொன்னேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். மீதிப் பாதியைப் பேசியது பந்தயத்தில் ஜெயித்தவனின் வாய். அவள் முழுவதும் நம்பினாள். ஆசாரி சொன்னால் வேறு யாரைப் போய்க் கேட்பது? முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள்.

முதல் வாரம் ஒரு கைப்பிடி சோறு. அடுத்த வாரம் ஒரு கிண்ணம். தைப்பொங்கலுக்கு வெல்லம் போட்டுப் பொங்கி, பானையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாள். சோறு வயிற்றுக்குப் போனதும் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் டிரஸ்ஸரிடம் போவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். வழியில் பார்த்தால், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

பக்கத்து அறையில் இருந்த அய்யாவுக்கும் இதே வியாதி. தண்டவாளத்தில் கட்டை மாற்றுகிற வேலை அவனுக்கு, நாற்பது வயது. டிரஸ்ஸர் சொன்னபடி வாயைக் கட்டிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தான். பவுனம்மாள் சோறு தின்பதைப் பார்த்துவிட்டு வந்து குவளையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க ஆசாரியண்ணே."

"கட்டை அவ்வளவுதான் இருந்தது. திரும்பக் கிடைச்சா பார்க்கிறேன்" என்றேன். அது நிஜம்தான். ஆனால் தேடிப் போகவும் இல்லை. ஏன் போகவில்லை என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஏழாவது மாதம் குழாயடியில் கல் இடறிப் பவுனம்மாளுக்குக் கட்டைவிரலில் காயம் பட்டது. மஞ்சள் அரைத்துப் போட்டாள். ஆறவில்லை. மூன்றாவது வாரம் விரல் கறுத்தது. தாகம் திரும்பி வந்திருப்பதை அவள் எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ரபேலை நானே போய்க் கூட்டிவந்தேன். அவர் துணிக்கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"சோறு தின்னியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். "வேங்கைத் தண்ணி குடிக்கிறேங்க" என்றாள்.

அவர் குவளையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. காலை எடுக்க வேண்டும், எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். அவள் முடியாது என்று தலையசைத்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அதற்கு ஆறு நாள் கழித்துதான் நான் அந்த மரத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே கேவலம். ஸ்டேஷன் ரோட்டோரம் நின்ற மரம் அது. ஒன்பது வருஷமாகச் செந்தூல் வண்டிக்குக் காத்திருக்கும்போது அதன் நிழலில்தான் நிற்பேன். வருஷத்தில் சில நாள் மஞ்சள் பூவாகக் கொட்டும். தோளில் விழுந்த பூவைத் தட்டிவிட்டு வண்டி ஏறுவேன். பலகையாக அறுத்துக் கொடுத்தால் பேர் சொல்கிறவனுக்கு, இலையோடு நிற்கிற மரம் வெறும் நிழல்தான்.

அன்றைக்குத் தந்திக் கம்பியில் இடிக்கிறது என்று கூலிகள் அதன் கிளையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தொடைப் பருமன் கிளை. வெட்டு வாயிலிருந்து சிவப்பாகப் பிசின் வடிந்தது. ஆட்டை வெட்டினாற்போல் வடிந்தது. அந்தப் பிசின் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பொட்டு வைக்க வேங்கைப் பாலைத்தான் கொட்டாங்கச்சியில் எடுத்து வைப்பார்கள். என் நெற்றியிலேயே வைத்திருப்பார்கள்.

"இது என்ன மரம்பா?" என்று கூலியைக் கேட்டேன். அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு மரத்தின் பேரை நான் இன்னொருவனைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மலாய்க்காரங்க அங்சானான்னு சொல்றாங்கண்ணே" என்றான் அவன்.

வேலைக்குப் போகவில்லை. கிளையின் அடித்துண்டைக் கேட்டு வாங்கி, அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து நடுவில் முதிர்ந்திருந்த வைரப் பாகத்தைச் சீவினேன். டீக்கடையில் கண்ணாடித் தம்ளர் வாங்கித் தண்ணீரில் சீவலைப் போட்டு வெயிலில் வைத்தேன். தேயிலை நிறம் இறங்கும்போதே ஓரத்தில் நீலம் வந்துவிட்டது. மயில் கழுத்து நீலம்தான். வேங்கையேதானா, அதன் பங்காளியா, எனக்குத் தெரியாது. நீலம் வந்தது. சந்தோஷப்பட வேண்டும், எனக்கு அழுகைதான் வந்தது.

பச்சை மரம் வெடிக்கும் என்று தெரிந்தும், வெளியே மெழுகு தடவி, அதிலேயே ஒரு குவளை கடைந்தேன். பழையதைப் போலவே அதே அளவு, அடியில் அதே வளையம். அவள் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். பழையதை எடுத்து ஒளித்துவிட்டு, புதியதில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். நீலம் எப்படி வந்தது என்று கேட்டால் சொல்வதற்கும் ஒன்று யோசித்து வைத்திருந்தேன்: "மரம் இந்த ஊர்த் தண்ணிக்குப் பழகிடுச்சு."

காலையில் அவளைத் தூக்கி வாசற்படியில் சாய்த்து உட்காரவைத்தேன். கால் நாற்றம் அந்த இடத்தையே அடைத்துக்கொண்டிருந்தது. தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். பழக்கத்தில் வெயிலில் பிடித்தாள்.

"ஏங்க" என்றாள். "நீலம்."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அது இல்லை என்று சொல்ல மாட்டேன். தம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. பிறகு தம்ளர் அசையாமல் நின்றது. 

"அப்ப இத்தனை நாள் நான் குடிச்சது என்னங்க?"

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"தெரியலை பவுனு" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். "எட்டு மாசம் சோறு தின்னேனே" என்று மட்டும் சொன்னாள், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. தண்ணீரை முழுவதும் குடித்தாள். தம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"வெளியில சொல்லிடாதீங்க. ஆசாரிக்கு மரம் தெரியலைன்னு சிரிப்பாங்க."

அதற்கப்புறம் அவள் சோற்றைத் தொடவில்லை. நான் கெஞ்சினேன். இனிமேல் தின்றால் என்ன, தின்னு என்றேன். தலையை அசைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். காலையில் குவளையைக் கொடுத்தால் வாங்கிக் குடிப்பாள், ஆனால் வெயிலில் பிடித்துப் பார்க்க மாட்டாள். பத்தொன்பதாவது நாள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு லயம் முழுவதும் வந்திருந்தது. ஆளாளுக்கு என்னைப் புகழ்ந்தார்கள். டிரஸ்ஸரே கைவிட்ட வியாதிக்கு ஆசாரி வேங்கைக் குவளை செய்து கொடுத்து, எட்டு மாதம் ராணி மாதிரி வைத்திருந்தானாம். கல் இடறியது அவள் விதியாம். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துக்கம்தான். கூடவே அவமானமும் இருந்தது. அவள் என் வாயை அடைத்துவிட்டுப் போயிருந்ததால் அது உள்ளேயே கிடந்து புழுங்கியது.

எல்லோரும் போனபின் அய்யாவு மட்டும் இருந்தான். வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆசாரியண்ணே, கேக்கக்கூடாத நாள்தான். அந்தக் குவளை இப்ப உங்களுக்கு ஆகப்போறதில்ல. எனக்குக் குடுத்தீங்கன்னா புண்ணியமா இருக்கும். ஒரு வருஷமாச்சு சோறு தின்னு. நாளையிலேர்ந்து அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு, நானும் ஒரு கை சோறு திங்கலாம்னு இருக்கேன்."

நான் உள்ளே போய் இரண்டு குவளைகளையும் எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். ஒன்றில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விட்டிருந்தது.

"இது வேங்கை இல்ல அய்யாவு" என்றேன் பழையதைக் காட்டி. "என்ன மரம்னு எனக்குத் தெரியாது. முதல் நாளே நீலம் வரலை. நான்தான் வேங்கைன்னு சாதிச்சேன். அதை நம்பித்தான் அவ சோறு தின்னா. சோறு தின்னுதான் கால் போச்சு."

சொல்லிவிட்டேன். வெளியில் சொல்லாதே என்று அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டதை, அவள் படம்கூட இல்லாத அந்த அறையில் உட்கார்ந்து மீறிவிட்டேன். அவன் என் முகத்தையே பார்த்தான். நான் பொய் சொல்கிறேனா என்று பார்ப்பது தெரிந்தது. பிறகு வெடித்த குவளையைத் தொட்டான்.

"அப்ப இது?"

"இதுல நீலம் வந்தது. இதைக் குடிச்சும் பத்தொன்பது நாள்தான் இருந்தா. இதை நம்பி நீ சோறு தின்னா உன் பெண்டாட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது. டிரஸ்ஸர் சொன்னபடி இருந்துக்க. நீ இன்னைக்கு நடமாடுறது அதனாலதான்."

"அப்படின்னா எனக்கு வேற ஒண்ணும் இல்லையா அண்ணே?"

"இல்ல."

 குவளையைக் கேட்க வந்தபோது அவன் முகத்தில் இருந்தது எதுவோ அது இப்போது இல்லை. அதை நானேதான் துடைத்தேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"பவுனக்கா குடுத்து வச்சவங்க" என்றான். "எட்டு மாசம் சந்தோஷமா சோறு தின்னுட்டு, கடைசி வரைக்கும் உங்க மரத்தை நம்பிக்கிட்டே போயிட்டாங்க. எனக்கு அதுகூட இல்லாமப் பண்ணிட்டீங்க."

வாசற்படியில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் என்னிடம் கேட்டது அவனுக்குத் தெரியாது.

"ஆமா" என்றேன். "கடைசி வரைக்கும் நம்பினா."